எரிபொருள் முள் தவறாகக் காட்டினால்: அறிகுறியிலிருந்து ஷீல்ட் வயர் வரை

ரம்பொடை வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும்போது எரிபொருள் முள் சட்டென்று காலிக்கு விழுந்தால், நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் ஓட்டுநர் தவிக்கிறார். மலையகத்தில் இந்தப் பழுது ஓயாமல் வருகிறது. மழை, பனிமூட்டம், தோட்டத்துக் கல் பாதை, எலி, உர மூட்டையிலிருந்து கொட்டும் தூள் எல்லாம் வண்டியின் அடிப்பக்க வயர்களைத்தான் முதலில் தின்கின்றன. ஆனால் பலர் தாங்கி யூனிட்டையோ (தாங்கிக்குள் எரிபொருள் அளவு பார்க்கும் பாகம்) மீற்றர் பலகையையோ மாற்றிய பிறகுதான் வயரைப் பார்க்கிறார்கள். அதற்குள் பணம் போய்விடுகிறது, பழுது அப்படியே இருக்கிறது.

நான் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான்: கோளாறு பெரும்பாலும் தாங்கிக்குப் பக்கத்தில், வயரின் கடைசி ஒரு மீற்றருக்குள் இருக்கிறது. துருப்பிடித்த எர்த் (வண்டி உடலோடு சேரும் இணைப்பு), பச்சை பூத்த சொக்கட், தவறாகக் கட்டிய ஷீல்ட் (உள்வயர்களைச் சுற்றி மின் தொல்லையைத் தடுக்கும் உலோக உறை). மூன்றையும் சரிபார்க்க ஒரு மல்டிமீற்றரும் ஒரு துண்டு உப்புத்தாளும் போதும். கீழே ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத சோதனை முதலிலும் செலவு கூடியது கடைசியிலும் வருகின்றன. அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்குவதற்கு முன்: உங்கள் வண்டியில் இருப்பது எது?

கார், வான், பழைய ஜீப் ஆகியவற்றில் பெரும்பாலும் இருப்பது மிதவையுள்ள தாங்கி யூனிட். மிதவை ஏறி இறங்க, உள்ளே உள்ள தடத்தின் மின்தடை மாறும். அதற்கு ஒரு சிக்னல் வயர், ஓர் எர்த், சிலவற்றில் குறைந்த எரிபொருள் விளக்குக்கு இன்னொரு வயர். இதற்கு ஷீல்ட் வயர் தேவையில்லை. "ஷீல்ட் வயர் போட்டால் முள் ஆடாது" என்று யாராவது சொன்னால் அந்தப் பணத்தை எர்த் சுத்தம் செய்யச் செலவழியுங்கள்.

கொழுந்து லொறிகளிலும் வாடகை வண்டிகளிலும் எரிபொருள் கணக்குப் பார்ப்பதற்காகப் பிற்பாடு தனியாகப் பூட்டப்படும் கம்பி வடிவ சென்சர் வேறு. தாங்கிக்குள் செங்குத்தாக நிற்கும் அந்த மின்கொள்ளளவு சென்சரிலிருந்து கணக்குக் காட்டும் கருவிக்குப் போகும் வயருக்குத்தான் ஷீல்ட் அவசியம். தாங்கியின் மேல்மூடியில் கூடுதலாக ஒரு தலையும், அதிலிருந்து தடித்த கறுப்பு வயரும் தெரிந்தால் உங்களுடையது இந்த வகை.

பாதுகாப்பு

வெளியில், காற்றோட்டமான இடத்தில், சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். பக்கத்தில் சிகரெட், அடுப்பு, கிரைண்டர் எதுவும் கூடாது. பின் இருக்கையைத் தூக்கியதும் பெற்றோல் வாடை அடித்தால் மின் சோதனை எதையும் செய்யாமல் நிறுத்திவிடுங்கள். கசிவை முதலில் பார்க்க வேண்டும். தாங்கியின் மூடியைக் கழற்றும் வேலை எதுவானாலும் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகுதான். ஓம் அளவெடுப்பது எப்போதும் சாவியை அணைத்து, சொக்கட்டைக் கழற்றிய நிலையில்.

ஹைபிரிட் கார்களில் பின் இருக்கைப் பக்கத்தில் செம்மஞ்சள் நிற வயரோ உறையோ தென்பட்டால் கையை எடுத்துவிடுங்கள். அது உயர் மின்னழுத்தப் பகுதி. அதற்கான பயிற்சி பெற்றவர் மட்டுமே தொடலாம்.

அறிகுறி 1: முள் ஒரே இடத்தில் கிடக்கிறது

*எல்லா முள்ளும் செத்துக் கிடந்தால்:* பியூஸைப் பாருங்கள். கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்ய வேண்டாம், கழற்றி மல்டிமீற்றரால் சோதியுங்கள். அதற்கு மேல் மீற்றர் பலகையின் பின்புறச் சொக்கட்டும் எர்த்தும்.

*எரிபொருள் முள் மட்டும் என்றால்:* தாங்கி யூனிட்டின் சொக்கட்டைத் தேடுங்கள். பல கார்களில் பின் இருக்கைக்குக் கீழே ஒரு தகட்டு மூடிக்குள் இருக்கும். சாவியை அணைத்துச் சொக்கட்டைக் கழற்றுங்கள். பிறகு சாவியைத் திருப்பி முள்ளைப் பாருங்கள்.

பழைய ஜப்பானிய வண்டிகளில் சொக்கட் கழன்றால் முள் காலிக்கு வர வேண்டும். வண்டிப் பக்கத்துச் சிக்னல் முனையை 3.4 வாட் சிறு பல்பு வழியாக எர்த்தில் தொட்டால் முள் முழுமையை நோக்கி ஏற வேண்டும். நேரே எர்த்தில் தொடாதீர்கள். பல்பு நடுவில் இருந்தால் மீற்றர் பலகை கெடாது. ஐரோப்பிய வகைகள் பலவற்றில் இது தலைகீழ்: கழற்றினால் முழுமை, எர்த்தில் தொட்டால் காலி.

முள் இப்படி அசைந்தால் மீற்றரும் நடு வயரும் நலம். பழுது யூனிட்டிலோ அதன் எர்த்திலோ இருக்கிறது; அறிகுறி 2-க்குப் போங்கள். அசையவில்லையென்றால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மீற்றர் போய்விட்டது. எலி கடிப்பது பெரும்பாலும் பின் இருக்கைக்கு அடியிலும் கதவுப்படிக்கு உள்ளே போகும் வயர் கட்டிலும்தான். மீற்றர் பலகையைக் கழற்றுமுன் அந்த இரு இடங்களையும் விரலால் தடவிப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். அதே சொக்கட்டில் எரிபொருள் பம்பின் வயர்களும் இருக்கலாம். வயர் நிறத்தை வரைபடத்தோடு ஒப்பிடாமல் எந்த முனையையும் தொடாதீர்கள். மேலும், புதிய கார்களில் சிக்னல் முள்ளுக்கு நேரே போகாமல் கணினிக்குப் போகிறது. அவற்றில் பல்புச் சோதனை கூடாது. ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் கொண்டுபோய், தாங்கி அளவு என்ன படிக்கிறது என்று கேளுங்கள்.

*எரிபொருள் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தே அதிகம் காட்டினால்:* பழைய லேண்ட் ரோவர், மொறிஸ் போன்ற பிரித்தானிய வண்டிகளை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. மீற்றர் பலகையின் பின்னால், இரண்டு முள்ளுக்கும் சராசரி 10 வோல்ட் கொடுக்கும் ஒரு சிறு சீராக்கி இருக்கிறது. அதன் எர்த் விட்டுப்போனால் பேட்டரியின் முழு மின்னழுத்தமும் முள்ளுக்குப் போய்விடும். சீராக்கியைப் பிடித்திருக்கும் திருகைக் கழற்றி, தகட்டைத் தேய்த்து, மீண்டும் இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த வண்டிகளின் யூனிட்டுக்கு இப்போது அலைய வேண்டியிருப்பதால், இரண்டு முள்ளையும் சேர்த்துப் பார்க்காமல் யூனிட்டைக் கழற்றுவதை நான் அனுமதிப்பதே இல்லை.

அறிகுறி 2: முள் ஆடுகிறது, குதிக்கிறது

இந்த அறிகுறியில்தான் அதிகப் பணம் வீணாகிறது. ஆகவே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

முதலில் மேட்டைக் கழித்துவிடுங்கள். கடுகண்ணாவை ஏற்றத்திலோ அப்புத்தளைப் பக்கத்து வளைவுகளிலோ எரிபொருள் தாங்கிக்குள் ஒரு பக்கம் சாய்கிறது. மிதவையும் அதோடு போகிறது. ஏற்றத்தில் குறைந்து, இறக்கத்தில் கூடி, சமதரையில் பழைய இடத்துக்கே திரும்பினால் அது பழுதல்ல. தாங்கி அரைக்குக் கீழே இருக்கும்போது இது அதிகம் தெரியும். சமதரையில் நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டு, பிறகு பாருங்கள்.

*இன்ஜின் ஓடாமல், சாவி மட்டும் திருப்பியிருக்கும்போதே ஆடினால்:* சொக்கட்டையும் வயரையும் மெல்ல அசையுங்கள். அசைவுக்கேற்ப முள் குதித்தால் அங்கேயே பழுது. சொக்கட்டைக் கழற்றி, பின்களில் பச்சை பூத்திருக்கிறதா, கறுத்திருக்கிறதா, பெண் முனை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கொன்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, தளர்ந்த முனையை ஊசியால் சற்று நெருக்கிப் பூட்டுங்கள். இதற்குப் பின்பும் ஒரு குறிப்பிட்ட அளவில் மட்டும், உதாரணமாக அரைத் தாங்கிக்கு அருகில் மட்டும், முள் விழுந்து எழுந்தால் யூனிட்டின் தடம் தேய்ந்திருக்கிறது. அதை வயரால் திருத்த முடியாது.

*விளக்கு, வைப்பர், ஹோன் போடும்போது மட்டும் அசைந்தால்:* எர்த்தைத் தவிர வேறெங்கும் தேடாதீர்கள். மல்டிமீற்றரை நேர் மின்னோட்ட வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ்வில், மற்றது தாங்கி யூனிட்டின் எர்த் வயரில். சொக்கட் பூட்டியபடி இருக்க வேண்டும். பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசியால் தொடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு முன்விளக்கு, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போடுங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே என்றால் நல்லது. 0.2-ஐத் தாண்டினால் அந்த எர்த் கெட்டிருக்கிறது. எர்த் வயர் உடலோடு சேரும் திருகைக் கண்டுபிடித்து, பெயின்ட்டும் துருவும் போய் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, நட்சத்திர வாசர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள்.

எர்த் கெட்டால் என்ன ஆகும் என்பதை ஓட்டுநர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பழைய டொயோட்டா வகை யூனிட்டுகளில் முழுத் தாங்கிக்கு 3 ஓம் அளவு, அரைக்கு 32 ஓம் அளவு, காலிக்கு 110 ஓம் அளவு இருக்கும். துரு 10 ஓம் சேர்த்தால் அரைத் தாங்கி 42 ஓமாகி, முள் குறைவாகக் காட்டும். அதில் ஆபத்தில்லை, கொஞ்சம் முன்னதாகவே பெற்றோல் செட்டுக்குப் போவீர்கள். ஐரோப்பிய வகைகள் பலவற்றில் காலிக்கு 10, முழுமைக்கு 180 ஓம். அங்கே அதே துரு முள்ளை மேலே தூக்கும். இல்லாத எரிபொருளை இருப்பதாகக் காட்டி, இரவில் நடுவழியில் நிறுத்திவிடும். அந்த வகை வண்டி வைத்திருப்பவர்கள் எர்த்தை இரண்டு மடங்கு கவனியுங்கள்.

*இன்ஜின் ஓடும்போது மட்டும் ஆடினால்:* சாதாரண யூனிட் என்றால் மேலே சொன்ன எர்த் சோதனையை மீண்டும் செய்யுங்கள். அதோடு பேட்டரி முனைகளில் மின்னழுத்தம் பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் 13.8 முதல் 14.4 வரை, 24 வோல்ட் லொறியில் 27.6 முதல் 28.8 வரை இருப்பது சாதாரணம். அடுத்து மல்டிமீற்றரை மாறு மின்னோட்ட வோல்ட்டுக்கு மாற்றி அதே முனைகளில் பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் அரை வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் டயோட் சந்தேகத்துக்குரியது. அது வாகன எலக்ட்ரீசியனின் வேலை. சென்சர் வகை என்றால் அடுத்த தலைப்புக்கு வாருங்கள்.

அறிகுறி 3: பிற்பாடு பூட்டிய சென்சரின் எண் தாறுமாறாக ஓடுகிறது

நின்றிருக்கும் லொறியில் இன்ஜினை அணைத்தால் எண் அசையாமல் நிற்கிறது, ஸ்டார்ட் செய்ததும் ஐந்து லீற்றர் ஏறி எட்டு லீற்றர் இறங்குகிறது. தோட்ட அலுவலகத்தில் இதைப் பார்த்துவிட்டு டீசல் திருட்டு என்று ஓட்டுநரைச் சந்தேகிப்பதும் நடக்கிறது. ஒரு மனிதரின் பெயரைக் கெடுப்பதற்கு முன் ஷீல்டைப் பாருங்கள். இந்த வேலையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

சோதனை ஒன்று, ஷீல்ட் எங்கே கட்டப்பட்டிருக்கிறது? சாவியை அணைத்து, வயரை இரண்டு முனையிலும் கழற்றுங்கள். ஷீல்டுக்கும் வண்டி உடலுக்கும் இடையே ஓம் பாருங்கள். தொடர்பே இருக்கக்கூடாது. இருந்தால் நடுவழியில் உறை தேய்ந்து சேசிஸைத் தொடுகிறது. இனி கருவிப் பக்கத்தை மட்டும் பூட்டுங்கள். இப்போது ஷீல்ட் எர்த்தைக் காட்ட வேண்டும். கடைசியாக, கழன்றிருக்கும் சென்சர் பக்கத்து வயர் முனையில் ஷீல்ட் எங்கும் முறுக்கிக் கட்டப்படவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

ஷீல்டின் ஒரு முனையை மட்டும் எர்த் செய்ய வேண்டும். இரண்டு முனையும் எர்த் ஆனால், லொறியின் முன்னும் பின்னும் உள்ள எர்த்துகளுக்கு இடையேயான சிறு மின்னழுத்த வேறுபாட்டால் ஷீல்டுக்குள்ளேயே மின்னோட்டம் பாயும். காக்க வேண்டியதே தொல்லை கொடுக்கும். எந்த முனையும் கட்டப்படாவிட்டால் ஷீல்ட் இருந்தும் பயனில்லை. பெரும்பாலும் கருவிப் பக்கம்தான் கட்டப்படும். உங்கள் சென்சரோடு வந்த தாள் வேறு சொன்னால் தாளின்படி செய்யுங்கள். சில சென்சர்களில் ஷீல்ட் உள்ளேயே தலையோடு சேர்ந்திருக்கும். அப்போது கருவிப் பக்கத்தைத் திறந்து விட வேண்டும்.

சோதனை இரண்டு, ஷீல்டையே எர்த் வயராகப் பயன்படுத்தியிருக்கிறார்களா? ஒரு வயர் போதாமல்போனபோது சிலர் சென்சரின் எர்த்தை ஷீல்டில் கட்டிவிடுகிறார்கள். சில மாதம் ஓடும், பிறகு எண் குதிக்கும். தனி வயர் இழுப்பதே தீர்வு, குறுக்கு வழி இல்லை.

சோதனை மூன்று, ஒட்டு. வயர் கட்டையாகிவிட்டதால் நடுவில் ஒட்டியிருந்தால் அந்த இடத்தைப் பிரித்துப் பாருங்கள். உள்வயர்கள் மட்டும் ஒட்டப்பட்டு ஷீல்ட் அறுந்து தொங்கும். சரியான ஒட்டு என்றால், ஒவ்வொரு உள்வயரும் தனித்தனியாகச் சோல்டர் செய்யப்பட்டு, சூடுகாட்டினால் சுருங்கும் குழாய் போடப்பட்டு, அதற்கு மேலே ஷீல்ட் இணைக்கப்பட்டு, அதற்கும் மேலே உள்ளே பசையுள்ள தடித்த குழாய் போடப்பட்டிருக்க வேண்டும். ஷீல்டின் ஓர் இழைகூட உள்வயரைத் தொடக்கூடாது. முனையில் ஷீல்ட் இல்லாத பகுதி சில சென்டிமீற்றருக்கு மேல் போக வேண்டாம். அலுமினியத் தாள் ஷீல்ட் என்றால், கூடவே ஓடும் வெறும் கம்பியைத்தான் கட்ட வேண்டும். தாளைப் பிடித்துக் கட்டினால் நிற்காது. கூரிய வளைவில் அந்தத் தாள் கிழியும் என்பதால் வயரை மடக்கி டேப் சுற்றாதீர்கள்.

சோதனை நான்கு, வயர் போகும் பாதை. ஸ்டார்ட்டர் வயரோடோ ஆல்டர்னேட்டரின் தடித்த வயரோடோ சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால் பிரியுங்கள். தாண்ட வேண்டிய இடத்தில் செங்குத்தாகத் தாண்டட்டும். பெற்றோல் வண்டியில் இக்னிஷன் கொயிலிலிருந்தும் அதன் வயர்களிலிருந்தும் தள்ளியே போக வேண்டும்.

இந்த நான்கிலும் குறையில்லை, ஆனால் எண் திடீரென்று அதிகமாகி அங்கேயே நிற்கிறது என்றால் தாங்கியின் அடியில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். தண்ணீர் டீசலைப்போல அல்ல. இந்த வகை சென்சரில் சிறிதளவு தண்ணீரே அளவை மேலே தள்ளிவிடும். அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனியாகப் பிரிந்து நின்றால் மூடியின் ரப்பரை மாற்ற வேண்டும்.

அறிகுறி 4: வெயிலில் சரி, மழை பெய்தால் தவறு

அட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவத்திலும், பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் ஆண்டுக் கடைசி மழையிலும் இது வரும். சொக்கட்டின் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

ஷீல்ட் வயரில் இன்னொரு தொல்லை உண்டு. வெளியுறையில் ஒரு கீறல் விழுந்தால் போதும், பின்னிய செம்பிழை வழியாகத் தண்ணீர் திரி ஏறுவதைப்போல் உள்ளே ஊர்ந்துவிடும். வெளியே காய்ந்திருக்கும், உள்ளே கறுத்திருக்கும். கழற்றிய நிலையில் ஷீல்டுக்கும் உள்வயருக்கும் இடையே ஓம் பாருங்கள். மல்டிமீற்றர் எதையாவது காட்டினால் ஈரம் இருக்கிறது. முனையிலிருந்து வெட்டிக்கொண்டே வாருங்கள், பளபளப்பான செம்பு தெரியும்வரை. ஒரு மீற்றருக்கு மேல் வெட்டியும் கறுப்பாகவே இருந்தால் வயரை முழுவதுமாக மாற்றுங்கள். புதிய வயர் சென்சருக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள். வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

உரம் ஏற்றும் லொறி என்றால், இறக்கிய அன்றே தாங்கிப் பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுவது நல்லது. ஈரம் பட்ட உரத் தூள் செம்பையும் இரும்பையும் வேகமாக அரிக்கும்.

அறிகுறி 5: முள் நிலையாக இருக்கிறது, ஆனால் கணக்குத் தவறு

முழுத் தாங்கி அடித்தும் முக்கால் காட்டுகிறது, அல்லது கால் காட்டும்போதே வண்டி நின்றுவிடுகிறது. யூனிட்டை அண்மையில் மாற்றினீர்களா? கழித்த வண்டியிலிருந்து எடுத்த யூனிட் வேறு ஓம் அளவினதாக இருக்கலாம். வெளித்தோற்றம் ஒன்றாகவே இருக்கும். சொக்கட்டைக் கழற்றி யூனிட்டின் இரு முனைகளில் ஓம் எடுத்து, உங்கள் மாடலின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். டொயோட்டாவிலேயே சில புதிய மாடல்களில் முழுமைக்கு 15, காலிக்கு 410 ஓம் அளவு வரும்; பழைய 3 - 110 வகையோடு அது பொருந்தாது.

யூனிட் பழையதே என்றால் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். கல் தட்டித் தாங்கியின் அடி உள்வாங்கியிருந்தால் மிதவை முழுவதும் இறங்காது, எரிபொருள் தீர்ந்தும் முள் காலிக்கு வராது. அடி நன்றாக இருந்தால் மிதவைக்குள் எரிபொருள் புகுந்திருக்கலாம், கை வளைந்திருக்கலாம். இரண்டுக்கும் யூனிட்டை வெளியே எடுக்க வேண்டும்.

எப்போது நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்

யூனிட்டையோ பம்பையோ தாங்கியிலிருந்து வெளியே எடுக்க வேண்டிய கட்டம் வந்தால் கராஜுக்குக் கொண்டுபோங்கள். பெற்றோல் வண்டியில் இதைப் பரிசோதித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். ஓட்டையான தாங்கியை வெல்டிங் செய்ய எந்தக் காரணத்துக்காகவும் நீங்களே முயலாதீர்கள். காலியான தாங்கியின் ஆவியே வெடிக்கும். மீற்றர் பலகையின் உள் சர்க்கிட், ஆல்டர்னேட்டர் டயோட், கணினி வழியாகப் போகும் சிக்னல் ஆகியவையும் உங்கள் கைக்கு வெளியே.

போகும்போது "முள் சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல் ஒரு தாளில் நான்கு விடயங்களை எழுதிக் கொடுங்கள்: சொக்கட்டைக் கழற்றியபோது முள் எங்கே போனது, யூனிட்டின் ஓம் எவ்வளவு, அப்போது தாங்கியில் ஏறத்தாழ எத்தனை லீற்றர் இருந்தது, விளக்குப் போட்டபோது எர்த்தில் எத்தனை வோல்ட். ஷீல்ட் வயர் உள்ள லொறி என்றால், ஷீல்ட் எந்த முனையில் கட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகும் சோதிக்காமலே "யூனிட்டை மாற்றுவோம்" என்று ஒரு பாஸ் சொன்னால், வண்டியை வேறு கராஜுக்குக் கொண்டுபோங்கள்.